சொல்லப்படாத கறுப்பு

நிறம் யாருடையது என்ற கேள்வியோடுதான் பூங்கோதை மொட்டைமாடியிலிருந்து துணிக்கூடையை இறக்கிக்கொண்டு வந்தாள். கோட்டினுடையதா, கோடு வரையப்படும் திரையினுடையதா, அல்லது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருடையதா? படிக்கட்டின் திருப்பம்வரை அது கோட்டினுடையது என்றே தோன்றிற்று. திருப்பத்தில் கூடை சுவரில் இடிபட்டதும் அந்த உறுதி நழுவிவிட்டது. கணவாய் வழியாக வந்துகொண்டிருந்த ஆடிக்காற்று துணிகளை மொடமொடவென்று காயவைத்திருந்தது. மேலே கிடந்த துவாலையில் முகத்தைச் சற்றே புதைத்து, வெயிலின் வாசனையை இழுத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். அவள் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம், எண்களைக் கொடுத்தால் வரைபடமாக்கித் தருகிற நிரல்தொகுப்பு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. லைப்ரரி என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். பிறர் அதை எடுத்துத் தம் நிரலுக்குள் வைத்துக்கொண்டு மழையளவையோ, நூல்விலையையோ, காய்ச்சலின் ஏற்ற இறக்கத்தையோ வரைந்துகொள்ளலாம். அந்தப் படத்தில் தோன்றுவது கோடாகட்டும், புள்ளியாகட்டும், பட்டையாகட்டும், ஓரத்தில் எழுதப்படும் பெயராகட்டும், அனைத்தும் ஒரே மூல அச்சிலிருந்து பிறக்க வேண்டும். கிளாஸ் என்று சொல்லப்படும் அந்த அச்சை வடிவமைக்கும் பொறுப்பு பூங்கோதையுடையது. உருப்படி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். இஸ்திரி போடுபவர் வாசலில் நின்று, எத்தனை உருப்படிங்க என்று கேட்ட ஒரு காலையில் கிடைத்த பெயர். நிறம், தடிமன், எழுத்தின் அளவு என எதை வேண்டுமானாலும் பயன்படுத்துவோர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அந்த அச்சின் சிறப்பு. மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். எதிலிருந்து மாற்றுவது, மாற்றாவிட்டால் என்ன இருக்கும், மாற்றியதும் மாற்றாததும் அருகருகே நின்றால் எப்படி அடையாளம் தெரியும் என்று கேட்கத் தொடங்கினால் அந்த ஒரு சொல்லுக்குள்ளிருந்து ஊரே எழுந்து வரும். நான்கு மணிக்கு அவளோடு வேலை செய்யும் ஜெரால்டும் நிலோஃபரும் கூட்டத்துக்குத் திரையில் வந்துவிடுவார்கள். மாலையில் முதல் பதிப்பு வெளியே போகிறது. போனபிறகு உருப்படியின் நடத்தையில் கைவைக்க முடியாது; ஊரும் பேரும் தெரியாத எத்தனையோ பேர் அதை நம்பி எழுதத் தொடங்கியிருப்பார்கள், இங்கே ஓர் எழுத்தை மாற்றினால் அங்கே எவருடைய படமோ உடையும். வெளியீட்டை நடத்தும் ஜெரால்டு தூத்துக்குடிக்காரன், எந்தச் சிக்கலையும் ஒரு வரியில் முடித்துவிடத் துடிப்பவன். காலையில் அவன் சொன்ன ஒரு வரிக்கு அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்றிருந்தாள். சாப்பிட்டாயிற்று. சொல்வதற்கு இன்னும் எதுவும் வரவில்லை.

படுக்கையறையில் அவள் கணவர் தங்கவேலு, இடது கணுக்காலில் கட்டோடு, இரண்டு தலையணைமேல் காலைத் தூக்கிவைத்துக் கைப்பேசியில் சத்தமில்லாமல் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நூற்பாலையில் கொள்முதல் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை இளவட்டங்களோடு ஷட்டில் ஆடப்போய், எட்டாத பந்தை எட்டி அடித்து, புள்ளியையும் வென்று, காலையும் பிசகவைத்துக்கொண்டு வந்தவர். புள்ளியை வென்றதை மருத்துவரிடமும் சொன்னார். பூங்கோதை கட்டிலின் காலியான பக்கத்தில் கூடையைக் கவிழ்த்துவிட்டு மடிக்க ஆரம்பித்தாள். கைக்கு வேலை இருந்தால் அவளுக்குத் தலை தெளியும். சட்டையை மடிப்பது ஒரு விதம், புடவையை மடிப்பது ஒரு விதம், துவாலைக்கு மடிப்பே இரண்டுதான்; ஆனாலும் எல்லாவற்றுக்கும் மடிபடுதல் பொது. பொதுவானது எதுவோ அது மூல அச்சில் இருக்கவேண்டும், தனியானது எதுவோ அது கீழே பிறக்கும் அச்சுகளில் இருக்கவேண்டும். அப்படியானால் காலுறை? காலுறை மடிபடுவதில்லை, சுருட்டப்படுகிறது. எந்த ஒழுங்கிலும் ஒரு காலுறை வந்து சேர்ந்துவிடுகிறது என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டாள். இருந்தாலும் உருப்படியை அவள் நன்றாகவே கட்டியிருந்தாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில் தவறில்லை. ஓர் உருப்படி பிறக்கும் அந்தக் கணத்திலேயே அதன் எல்லா இடங்களும் நிரப்பப்பட்டுவிடும். பயன்படுத்துபவர் நிறம் சொன்னால் சொன்ன நிறம். சொல்லாவிட்டால், படம் முழுமைக்குமான பொது அமைப்பு ஒன்றிருக்கிறது, தீம் என்பார்கள், அதிலிருந்து கறுப்பு எடுத்து வைக்கப்படும். தடிமன் சொல்லாவிட்டால் மெல்லிய தடிமன். எழுத்தளவு சொல்லாவிட்டால் நடுத்தர அளவு. வெற்றிடம் என்று ஒன்று அவளுடைய அச்சில் கிடையாது. வெற்றிடத்தை அவளுக்கு எப்போதுமே பிடித்ததில்லை. பள்ளி இயற்பியல் பதிவேட்டில் வரைபடத்தாளின் மூலைகளைக்கூடக் காலியாக விடாமல் அளவுகோலும் அலகும் தேதியும் எழுதுவாள். தேர்வில் தெரியாத கேள்விக்கும் எண்ணைப் போட்டு ஒரு பத்தியாவது எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். நிரப்பப்படாத இடம் கவனக்குறைவு, கவனக்குறைவு மரியாதைக்குறைவு. அப்படித்தான் வளர்ந்தாள், அப்படித்தான் வீட்டை வைத்திருந்தாள், அப்படித்தான் உருப்படியையும் வைத்தாள். பிறகு மெய்யம்மையிடமிருந்து அந்தச் செய்தி வந்தது. மெய்யம்மை கடற்கரையோரக் கண்காணிப்பு அறையொன்றில் இரவுப் பணி பார்ப்பவர். மிதவைகள் அனுப்பும் அலை உயரங்களைத் திரையில் பார்த்துக்கொண்டேயிருப்பது அவர் வேலை. முன்னோட்டப் பதிப்பை எடுத்துப் பயன்படுத்திய வெகுசிலருள் ஒருவர். வெள்ளைத்திரை கண்ணை உறுத்துகிறதென்று அந்தத் தீமினைக் கறுப்புக்கு மாற்றியிருக்கிறார். பின்புலம் கறுத்தது, கோடுகளும் பிறந்தபோது பெற்ற கறுப்பிலேயே இருந்தன. ‘அலையே இல்லாத கடல் மாதிரி இருக்கிறது, மேடம். பார்க்க நிம்மதியாகத்தான் இருக்கிறது, ஆனால் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்’ என்று எழுதியிருந்தார். பூங்கோதைக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அந்த வரியை மறுபடி படித்தாள். ஓரிரவில் கடல் உண்மையிலேயே எழும்பி, திரை அமைதியாக இருந்தால்?

ஜெரால்டின் ஒரு வரி இதுதான்: கறுப்புமேல் கறுப்பு வந்தால் நாமே அதை வெள்ளையாக்கிவிடுவோம். காலையில் அவன் சொன்னபோது, அதிலிருந்த சுளுவைப் பார்த்து அவளுக்கே ஒரு நொடி ஆசை வந்தது. கரும்பழுப்பு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள். கிட்டத்தட்டக் கறுப்பாயிருந்தாலும் மாத்திருவோம்க்கா, என்றான். கிட்டத்தட்ட என்றால் எவ்வளவு? அதற்கு ஓர் எண் வைத்துக்கொள்ளலாம் என்றான். அந்த எண் யாருடையது? அவன் சிரித்தான், எண் எண்ணோடதுதான்க்கா. நிலோஃபரும் சிரித்தாள். அவள் வாணியம்பாடியில் தன் வீட்டிலிருந்து வேலை செய்பவள்; பிறர் எழுதியதை உடைத்துப் பார்ப்பதே அவள் பணி, அதை ஒரு விருந்தாளியின் பணிவோடு செய்வாள். அந்தச் சிரிப்போடு பேச்சு கலைந்தது. ஆனால் பூங்கோதைக்குள் ஏதோ ஒன்று சிரிக்காமல் நின்றது. அந்த ஒரு வரி தவறு என்று அவளுக்குத் தெரிந்தது. ஏன் தவறு என்று தெரியவில்லை. சாம்பாரில் ஏதோ குறைகிறது, உப்பில்லை, புளியில்லை, காரமில்லை, எது என்று நாக்குக்குப் பிடிபடவில்லை என்பதுபோல. கோட்டின் நிறம் கோட்டினுடையது என்றால் அதை நாம் மாற்றக்கூடாது. திரையினுடையது என்றால் கோட்டில் அதை எதற்காக வைத்தோம்? சட்டையின் கழுத்துப்பட்டையை நேராக்கி, கைகளைப் பின்னுக்கு மடக்கி, நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று மடித்துவைத்தாள். மேலே வேகமாகச் சுற்றிய மின்விசிறி அந்த மடிப்பின் மேற்புறத்தைத் தூக்கித் திருப்பிப் போட்டது. மறுபடி மடித்தாள். மறுபடி திருப்பியது. பூப்போட்ட கைக்குட்டையொன்று பறந்துபோய்த் தங்கவேலுவின் கட்டின்மேல் உட்கார்ந்தது.

“ஏனுங்க, ஃபேனைக் கொஞ்ச நேரத்துக்குக் கொறைச்சுக்கட்டுங்களா? மடிச்சது பூராம் பறக்குது.”

“கொறையேன். என்னைய எதுக்குக் கேக்கற?” என்றார் கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

“உங்களுக்குத்தான் மூணுல இல்லாட்டித் தூக்கம் வராதே. அதான் கேட்டேன்.”

தங்கவேலு கைப்பேசியை மார்பின்மேல் கவிழ்த்து வைத்தார். “எனக்கா?”

“வேற யாருக்குங்க?”

“ஏம்புள்ள, உனக்கு வேணுமின்னுதான நான் தெனமும் போத்திக்கிட்டுப் படுக்கறேன்.”

பூங்கோதையின் கை ஒரு காலுறையில் நின்றது. “நான் எப்பங்க கேட்டேன்? ஊட்டிக்குப் போனாக்கூட உங்களுக்குக் காத்து வேணும்னு நெனச்சுக்கிட்டு, மூக்கடைச்சுக்கிட்டுத் தூங்கறது நான். எத்தனை மாத்திரை முழுங்கியிருப்பேன்.”

“நான் போத்துன போர்வைக்கு ஆரு பதில் சொல்றது?”

“அப்ப மூணுல வெச்சது யாருங்க?”

அவர் விட்டத்தைப் பார்த்தபடி யோசித்தார். “நாம குடிவந்தப்பவே மூணுலதான் ஓடிட்டிருந்துச்சு. மாட்டுன எலக்ட்ரீசியன் வெச்சுட்டுப் போயிருப்பான். அவன் இன்னேரம் எங்கயோ ஒண்ணுல வெச்சு, நிம்மதியாத் தூங்கறானாட்ட இருக்குது.” தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தார், கால் அசைந்து வலித்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டே மீதியைச் சிரித்து முடித்தார்.

“சரிங்க. இப்ப எத்தனையில வைக்கட்டும்? சொல்லுங்க.”

“நீ சொல்லு.”

“நீங்க சொல்லுங்க.”

“தெரீலயே புள்ள,” என்றார் தங்கவேலு உண்மையான வியப்போடு. “இத்தன வருசத்துல அதை யோசிச்சதே இல்ல.”

பூங்கோதை எழுந்துபோய் விசிறியை ஒன்றில் வைத்தாள், அதுவும் தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டே. இறக்கைகள் தளர்ந்து, ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தென்படத் தொடங்கின. துணிகள் அடங்கின. சுவரிலிருந்த விசைமேல் விரல் வைத்தபடியே அவள் நின்றாள். மூன்று. அது அவர் கேட்ட மூன்று இல்லை, அவள் கேட்ட மூன்றும் இல்லை. யாருமே கேட்காத மூன்று. ஆனால் பார்ப்பதற்கு அது கேட்ட மூன்றைப் போலவே இருந்தது. விசையின் முள் அதே இடத்தில்தான் நின்றது, காற்று அதே வேகத்தில்தான் வீசியது. எந்த அடையாளமும் அதில் இல்லாததால், அவர் அதை அவள் விருப்பமென்று படித்தார், அவள் அதை அவர் விருப்பமென்று படித்தாள், இருவரும் ஒருவரையொருவர் மதித்து ஆளுக்கொரு துன்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். கறுப்பும் அப்படித்தான். அவளுடைய கோடுகளில் இரண்டு கறுப்புகள் இருந்தன. ஒன்று எவரோ வேண்டுமென்று கேட்டு வாங்கிய கறுப்பு. மற்றொன்று எவரும் எதுவும் சொல்லாததால் அவளே இட்டு நிரப்பிய கறுப்பு. பிறந்த கணத்திலேயே வெற்றிடத்தை அவள் அடைத்துவிட்டதால், இரண்டும் ஒன்றாகிவிட்டன. இனி அவற்றைப் பிரிக்க ஒருவராலும் முடியாது. ஜெரால்டின் ஒரு வரி, பிரிக்க முடியாத அந்த இரண்டையும் சேர்த்தே வெளுத்துவிடும். இரவில் குளிருகிறதென்று பார்த்து, ஊரிலுள்ள எல்லா மூன்றையும் ஒன்றுக்கு இறக்கிவைப்பது போல. கேட்டு வைத்தவர் வீட்டிலும். சாம்பாரில் குறைந்தது இதுதான். நிறம் யாருடையது என்பது அல்ல கேள்வி. நிறத்தை யாராவது சொன்னார்களா என்பதே கேள்வி. சொல்லாதது என்பது கறுப்பு அல்ல, வெள்ளையும் அல்ல, சுழியமும் அல்ல. சொல்லாதது என்பது சொல்லாததுதான். அதற்கென்று ஓர் இடம் வேண்டும், நிரப்பாமல் விடப்பட்ட இடம்.

“என்ன, அங்கயே நின்னுட்ட?” என்றார் தங்கவேலு. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒன்றுமில்லை என்பதுதான் உண்மையும். அந்த ஒன்றுமில்லையை எங்கே வைப்பது என்றுதான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். யாழினியின் நினைவு வந்தது. மகள் இப்போது வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நினைவில் வந்தவளுக்கு ஆறு வயது, முன்பல் இல்லை. வண்ணம் தீட்டும் புத்தகத்தில் மரத்தையும் வீட்டையும் மேகத்தையும் தீட்டிவிட்டு, யானையை மட்டும் அப்படியே விட்டுத் தூங்கப்போய்விட்டாள். பக்கம் அரைகுறையாகக் கிடப்பதைப் பொறுக்காத பூங்கோதை, யானைக்குச் சாம்பல் நிறத்தை, கோட்டைத் தாண்டாமல், மிக அழகாகத் தீட்டி வைத்தாள். விழித்தெழுந்த குழந்தை அதைப் பார்த்துவிட்டு அழுத அழுகை. சாம்பல்தானே யானை நிறம், பின்னே என்ன நிறம் வேண்டும் என்று எத்தனை தரம் கேட்டும், நான் இன்னும் சொல்லவே இல்ல, நான் இன்னும் சொல்லவே இல்ல என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. பிடிவாதம் என்று அன்றைக்கு நினைத்தாள். பிடிவாதமில்லை, குழந்தை தன் அம்மாவின் பிழையைத் துல்லியமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. அங்கிருந்து எண்ணம் தானாகவே கீழே இறங்கியது. அவள் பிடிப்பதற்குள் இரண்டு படி இறங்கிவிட்டிருந்தது. இந்த வீடு, இந்தச் சுவரின் இளம்பச்சை, இந்த வடவள்ளி ஊர், இந்த வேலை, வெள்ளிக்கிழமைகளில் பருப்புருண்டைக் குழம்பு, இந்த மனிதர், இவற்றுள் எவை அவள் சொன்னவை, எவை பிறந்தபோதே நிரம்பியிருந்தவை? அவள் நிறைவாகத்தான் இருந்தாள். காலையில் எழும்போது மனத்தில் பாரமில்லை, வேலை பிடித்திருந்தது, பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டைகூட ஊருக்குப் போனால் காதுக்குக் குறையாகப்பட்டது. ஆனால் அந்த நிறைவை அவள் எப்போதாவது கேட்டு வாங்கினாளா, அல்லது மாட்டியவர் வைத்துவிட்டுப்போன மூன்றா அதுவும்? அச்சம் வந்தது, பெரிய அச்சம் இல்லை, இருட்டில் படி முடிந்துவிட்டதென்று நினைத்து வைத்த கால், இல்லாத தரையைத் தேடும் அந்த ஒரு கணத்து அச்சம். தங்கவேலுவைப் பார்த்தாள். அவர் கைக்குட்டையைத் தன் கட்டின்மேலிருந்து எடுத்து, நான்காக மடித்து, அவள் மடித்தவற்றின்மேல் ஓரம் பொருந்தாமல் வைத்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருக்கையில் ஒன்று தெளிந்தது, அது முதலில் உருப்படியைப் பற்றித்தான் தெளிந்தது: சொல்லாத கறுப்பை ஒருவர் பிறகு எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். கறுப்பாகவே இருக்கும் கோட்டுக்குக் கறுப்பு என்று சொன்னால், படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. ஆனாலும் அது வேறு கோடு. அதற்குப் பிறகு தீம் மாறினாலும் அது மாறாது. சொல்லலாம். இப்போதும் சொல்லலாம். அவள் சொன்னாள், உதடு அசையாமல், யாருக்கும் கேட்காமல், வீடு வேண்டும், வேலை வேண்டும், இந்த மனிதர் வேண்டும் என்று ஒவ்வொன்றாக. பச்சைச் சுவரில் மட்டும் சற்றுத் தயங்கி, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

முன்னறையில் கணினியின் முன்னால் உட்கார்ந்தபோது நேரம் அவள் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது. நல்ல வேளையாக, செய்யவேண்டியது பெரும்பாலும் நீக்கல்தான். உருப்படி பிறக்கும்போது தீமிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நிரப்புகிற அந்தப் பகுதி, அவள் மிகவும் நேசித்த பகுதி, வரிகள் ஒரே சீராக நின்று பள்ளிக்கூட அணிவகுப்புப்போல் தோன்றும்; அதைத் தேர்ந்தெடுத்து, விரலைப் பொத்தான்மேல் வைத்து, ஒரு மூச்சு நின்று, அழித்தாள். இனி உருப்படி தன்னிடம் சொல்லப்பட்டதை மட்டும் வைத்துக்கொள்ளும். சொல்லப்படாதவற்றின் இடத்தில் சொல்லப்படவில்லை என்ற குறி மட்டும் இருக்கும். வரையவேண்டிய நேரம் வரும்போது, கோட்டிடம் நிறத்தைக் கேட்க வேண்டும். அதற்குச் சொல்லப்பட்டிருந்தால் அது விடை கூறும், இல்லாவிட்டால் தான் இருக்கும் படத்தைக் கேட்கும். படத்துக்கும் சொல்லப்படாவிட்டால் படம் தீமிடம் கேட்கும். தீமிடம் எப்போதும் ஒரு விடை இருக்கும், வெள்ளைத் தீமில் கறுப்பு, கறுப்புத் தீமில் வெளிர்நிறம். அங்கே மட்டும் வெற்றிடம் கூடாது. அவளுடைய வெற்றிட வெறுப்புக்கு அங்கே ஓர் இடம் கிடைத்ததில் அவளுக்கு மகிழ்ச்சி. எழுதிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் சிக்கினாள். தடிமன் சுழியம் என்று ஒருவர் சொன்னால்? சொல்லியதுதான்; கோடே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பெயரின் இடத்தில் ஒன்றுமே எழுதாத எழுத்துத்தொடரைக் கொடுத்தால்? அதுவும் சொல்லியதே, பெயர் வேண்டாம் என்பது. வாயை மூடிக்கொண்டிருப்பவரும், வேண்டாம் என்று சொல்பவரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மௌனத்தில்தான் இருக்கிறார்கள். இருவரையும் ஒரே இலையில் உட்காரவைத்தால் ஒருவருக்குச் சோறு கிடைக்காது. இரண்டையும் பிரித்து எழுதினாள். அதைவிடப் பெரிய சிக்கல் அடுத்து வந்தது: முன்னோட்டப் பதிப்பில் ஏற்கெனவே சேமிக்கப்பட்ட படங்கள். அவற்றிலுள்ள கறுப்புகளில் எது சொன்னது, எது நிரப்பியது என்று இனி எவராலும் கூற முடியாது, அவளாலும் முடியாது. ஊகிக்கலாம். ஊகித்து நிரப்பிவிடலாம் என்று கை தானாகவே ஒரு வரியைத் தொடங்கியது, பழக்கத்தின் கை. பாதியில் நிறுத்தி அழித்தாள். அந்த வெகுசிலரையும் கேட்டுவிடலாம். கேட்பது தோல்வி என்று தனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றியது என்று ஒரு கணம் யோசித்தாள், யோசனை நீளும்போல் தெரிந்ததும் ஒதுக்கி வைத்தாள். உள்ளேயிருந்து தங்கவேலு, ஏம்புள்ள, ஒண்ணு நல்லாத்தான் இருக்குது, ஆனா ரண்டு எப்படியிருக்கும்னு பாக்கோணுமல்ல, என்று குரல் கொடுத்தார்.

“அக்கா, மணி என்ன ஆவுது. இப்பப் போய் மூலத்துல கை வைக்கீங்களே,” என்றான் ஜெரால்டு. திரையில் அவன் முகம் இடப்பக்கம், நிலோஃபரின் முகம் வலப்பக்கம். இருவரும் அவள் அனுப்பியதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“மூலத்துல இருக்கற தப்பை வேற எங்க போய்த் திருத்தறது, ஜெரால்டு? உன்னோட ஒரு வரி நல்ல வரிதான். ஆனா அது கேட்டவங்க கேக்காதவங்க எல்லாருக்கும் ஒரே மருந்து குடுக்குது. நாம ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிட்டோம். ஆக்கினது நான்தான்.”

“சரிக்கா, ஒத்துக்கிடுதேன். ஆனா கறுப்புமேல கறுப்பு எவன்க்கா கேப்பான்?”

“எனக்குத் தெரியாது. கேட்டவங்களுக்குத் தெரியும்.”

அவன் தலையைச் சொறிந்தான். “இப்ப இதை நம்பி அனுப்பலாமாங்கதுதான் என் கேள்வி. உடைஞ்சா மெய்யம்மை மேடத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

“நிலோஃபர் பார்க்கட்டும். அவ சரின்னு சொன்னா அனுப்பலாம். இல்லைன்னா இன்னைக்கு வேண்டாம். தள்ளிப்போனதுக்கு நானே பொறுப்புன்னு எழுதித் தர்றேன்.” இத்தனை பேர் காத்திருக்கும் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி அவள் இதுவரை கேட்டதில்லை. மதியம்வரை அப்படிக் கேட்கக்கூடியவளாகவும் இருந்ததில்லை.

“பார்த்துட்டுத்தான்க்கா இருக்கேன்,” என்றாள் நிலோஃபர். “மேடம் அனுப்பின அலைக்கணக்கையே போட்டிருக்கேன். திரையைக் காட்டறேன்.”

வெள்ளைப் பின்புலத்தில் ஆறு மிதவைகளின் ஆறு கறுப்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஏறியும் இறங்கியும் ஓடின. நிலோஃபர் தீமினைக் கறுப்புக்கு மாற்றினாள். திரை சட்டென்று இருண்டது. பூங்கோதை நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். இருட்டிலிருந்து கோடுகள் வெளிறிய நிறத்தில் எழுந்தன. பனிக்கால விடியலில் தந்திக்கம்பிகள் தென்படுவதைப் போல, மென்மையாக, ஆனால் ஐயத்துக்கு இடமின்றி. கடலுக்கு அலை வந்துவிட்டது. ஜெரால்டு வாயைக் குவித்து மெல்லச் சீட்டியடித்தான். பிறகு, அவன் இயல்புப்படி, எண்ணிப்பார்த்தான்.

“அக்கா, அஞ்சுதான் இருக்கு. ஒண்ணைக் காணோம். அப்பவே சொன்னேம்லா.”

தான் அழித்த வரிகள் அத்தனையும் பூங்கோதையின் கண்முன் அணிவகுத்து வந்தன. எதை விட்டேன், எங்கே விட்டேன் என்று மனம் ஓடி ஓடித் திரும்பியது.

“இல்லண்ணா,” என்றாள் நிலோஃபர் தன் விருந்தாளிக் குரலில். “அந்த ஒண்ணுக்கு மட்டும் கறுப்புன்னு நானே எழுதியிருந்தேன். என்ன பண்ணுதுன்னு பார்க்கறதுக்காக. அது அப்படியேதான் இருக்கு. எல்லாம் சரியாத்தான் வேலை செய்யுது.”

“இருக்கா? எங்கன இருக்கு?”

பூங்கோதை திரையை நெருங்கிக் குனிந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் இருட்டு, அதில் ஐந்து வெளிறிய அலைகள். பிறகு முதல் கோட்டில், மயிரிழை அகலத்தில் ஓர் அறுபடல் தெரிந்தது. அங்கே அந்தக் கோடு ஒரு துளி நின்று மறுபடி தொடர்ந்தது. அடுத்த கோட்டில் சற்று மேலே இன்னொன்று. அதற்கடுத்ததில் இன்னும் மேலே. காணாத கோடு எங்கெல்லாம் பிறவற்றைக் கடந்து சென்றதோ, அங்கெல்லாம் அவற்றின்மேல் தன் கறுப்பை வைத்துவிட்டுப் போயிருந்தது. தன்னிடம் சொல்லப்பட்டதைச் சிறிதும் மீறாமல், எவர் கண்ணிலும் படவேண்டும் என்ற ஆசையின்றி, அது தன் வழியில் ஏறிக்கொண்டிருந்தது. ஜெரால்டு, அப்ப அனுப்பிரவாக்கா, என்று கேட்டது காதில் விழுந்தது. அனுப்பிடு என்றாள். விரல்நுனியைத் திரைமேல் வைத்து, முதல் அறுபடலிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் நகர்த்திக்கொண்டே போனாள். நான்காவது எங்கே இருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது, விரல் அங்கே போய்ச் சேர்ந்தபோது அது அங்கேதான் இருந்தது.